இரண்டு நூல் குறைந்த மீன்

முழங்கால் இரண்டும் அன்றைக்குச் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. காலையிலிருந்து ஒரு மாடி வீட்டுக் குளியலறையில் மண்டியிட்டு டைல்ஸ் பதித்தவன், படியேறி வந்து கூடத்தில் கிடந்த குட்டை ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகுதான் வலி சாவகாசமாகத் தன் வேலையை ஆரம்பித்தது. முட்டிச் சிப்பிக்குள் யாரோ உளி வைத்துத் தட்டுவது போலிருந்தது. அவன் தைலத்தை அள்ளி முழங்காலில் அப்பிக்கொண்டு எதிரே இருந்த மீன் தொட்டியைப் பார்த்தான். பார்த்த கண் அப்படியே நின்றுவிட்டது.

தரைக்காரன் என்றுதான் அவனை எல்லோரும் கூப்பிடுவார்கள். தரை போடுகிறவனுக்குக் கண்தான் அளவுகோல். ஒரு டைல்ஸ் பக்கத்து டைல்ஸைவிட மயிரிழை தூக்கி இருந்தாலும் அவனுக்குச் செருப்புக்குள் கல் புகுந்த மாதிரி உறுத்தும். இப்போது உறுத்தியது மீன். தட்டையாக, வெள்ளித் தட்டு போல ஐந்து மீன்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அதில் நாலாவதாகப் போனது நேற்றைக்கு இருந்த அளவில் இல்லை.

"ஏய், இங்க வா," என்று மனைவியைக் கூப்பிட்டான். "இந்த மீனைப் பாரு. ரெண்டு நூல் குறையுது."

கொத்து வேலைக்காரர்களுக்கு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். கல்யாணமானதிலிருந்து அந்தக் கணக்கைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்திருந்தது.

"மீனுக்குமா நூல் பிடிக்கிறீங்க? தண்ணியில ஊறிச் சுருங்கியிருக்கும்."

"மீன் வளரும்டி. சுருங்காது."

"அப்ப நீங்க பாக்கறது வேற மீனு. கையைக் கழுவிட்டு வாங்க, தைல நாத்தம்."

அவள் போய்விட்டாள். வேற மீனு. அவள் விளையாட்டாகச் சொன்னது அவன் மண்டைக்குள் ஆணி அடித்த மாதிரி இறங்கியது.

அந்தத் தொட்டி அவன் வீட்டுக்கு வந்ததே ஒரு கதை. வீட்டைக் காலி செய்துகொண்டு தூரதேசம் போன ஒரு குடும்பம், தரை வேலை முடித்துக் கொடுத்தவனிடம், "இதை யாரும் வாங்க மாட்டேங்கறாங்க, தூக்கிட்டுப் போறீங்களா?" என்று கேட்டது. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம். நாலு பேர் தூக்கி, படியில் இரண்டு தடவை இறக்கி வைத்து, கூடத்து மூலையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அடியில் இரும்பு ஸ்டாண்டு. தரைக்காரன் ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்து, ஸ்டாண்டின் ஒரு காலுக்கு மட்டும் தகரம் கொடுத்து நிமிர்த்தினான். வாழ்க்கையில் அவனுக்கென்று வந்த பெரிய பொருள் அதுதான். அதில் பொடி மீன் விட அவனுக்கு மனசில்லை.

"பெரிய மீன் வேணும்," என்று மீன் கடையில் போய் நின்றான்.

கடைக்காரர் கண்ணாடி வெட்டித் தொட்டி ஒட்டுகிறவர். அதனால் கண்ணாடிக்காரர். விரலெல்லாம் வெட்டுக் காயமும் பசைத் துணுக்குமாக இருக்கும். ஒவ்வொரு தொட்டியாகக் காட்டிக்கொண்டே வந்தார்.

"இது அரோவானா. பாக்க வாள் மாதிரி இருக்கும். ஆனா உன் ஒன்றரை அடி அகலத்துல அது திரும்பணும்னா முதுகை ஒடிச்சுக்கிட்டுத்தான் திரும்பணும்."

"இது?"

"சிவப்பு வால் கெளுத்தி. இப்ப பொம்மை மாதிரி இருக்கா? ஒரு வருஷம் போகட்டும். தொட்டியில அது இருக்கும், இல்லன்னா தண்ணி இருக்கும். ரெண்டுக்கும் இடம் பத்தாது."

"அந்த மண்டை வீங்கினது?"

"ஃப்ளவர்ஹார்ன். அது தனிக்காட்டு ராஜா. கண்ணாடியில தன் மூஞ்சி தெரிஞ்சாலே சட்டையைப் பிடிக்கப் போகும். கூட ஒரு ஈ எறும்பு இருக்கக் கூடாது."

"எதைக் கேட்டாலும் வேண்டாம்கறீங்க. விக்கறதுக்குத்தானே வச்சிருக்கீங்க?"

"வித்தா ஒரு தடவை வருவே. பொருத்தம் பாத்துக் குடுத்தா மறுபடி மறுபடி வருவே," என்றார் கண்ணாடிக்காரர்.

தரைக்காரன் அதை நம்பவில்லை. யார் எது சொன்னாலும் அதற்கு அடியில் இன்னொன்று இருக்கும் என்பது அவன் அனுபவம். சதுர அடியைக் குறைத்து அளந்த கான்ட்ராக்டரும், உடைந்த டைல்ஸை அவன் தலையில் கட்டிய வீட்டுக்காரரும் கற்றுக்கொடுத்த பாடம் அது. ஆனாலும் கடைசியில் கண்ணாடிக்காரர் சொன்னதைத்தான் வாங்கினான். யாரோ வளர்த்துத் திருப்பிக் கொடுத்த, பாதி வளர்ந்த ஆஸ்கார் மீன் ஒன்று. கறுப்பு உடம்பில் தணல் போலச் சிவப்பு.

"இது வாயைப் பாத்துக்க," என்றார் கண்ணாடிக்காரர். "அந்த வாய்க்குள்ள போற அளவுல எதை விட்டாலும் அது கூட்டாளி இல்ல, சாப்பாடு. அதேசமயம் இது மேல போய் உரசற முரட்டு மீனும் ஆகாது. வாய்க்குள்ள போகக் கூடாது, வம்புக்கும் போகக் கூடாது. சில்வர் டாலர் விடு. தட்டையா, அகலமா இருக்கும், விழுங்க முடியாது. தனியா விட்டா பயந்து சாகும், அஞ்சு விடு. கண்ணாடி துடைக்க ஒரு சக்கர் மீன். அதோட நிறுத்திக்க. ஆமா, மூடி இருக்கா?"

"அது நான் செஞ்சுக்கறேன்," என்றான் தரைக்காரன்.

செய்தான். பழைய பலகையை அளந்து வெட்டி, ஓரம் தேய்த்து, வார்னிஷ் அடித்து மூடினான். ஆஸ்காருக்கு மனைவி மேஸ்திரி என்று பெயர் வைத்தாள். "ஒரு வேலையும் கிடையாது. யாராவது குனிஞ்சு வேலை செஞ்சா மட்டும் பக்கத்துல வந்து முறைக்கும், வாயைத் திறந்து திறந்து மூடும்," என்றாள்.

சகலை மட்டும்தான் மூடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் சின்னதா இருக்கோ?" என்றார்.

சகலை என்றால் மனைவியின் அக்கா புருஷன். பேக்கரியில் மாவு பிசைந்து அடுப்பில் நிற்கிற வேலை. முழங்கை வரைக்கும் தட்டுச் சூடு பட்ட தழும்புகள். அவர்கள் இருந்த வீட்டை இடித்துவிட்டதால், போன வருஷத்திலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் இங்கே உள் அறையில் இருந்தார்கள். வாடகையில் பாதி, சாப்பாட்டில் பாதி. அக்காவும் தங்கையும் ஒரே துணிக் கம்பெனியில் சட்டை மடிக்கப் போனார்கள். இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்கும்.

"நீங்க மாவு பிசையறப்போ தண்ணி கூடுதலான்னு நான் கேக்கறேனா சகலை?" என்றான் தரைக்காரன். "சுத்தி இடைவெளி விடாம எதையும் பதிக்கக் கூடாது. சுவத்தை ஒட்டி டைல்ஸ் போட்டா வெயில்ல விரிஞ்சு, முட்டி, தூக்கிக்கும். பலகையும் தண்ணி பட்டா ஊதும். மூச்சு விட இடம் வேணும்."

"அதுக்கில்ல..." என்று ஆரம்பித்த சகலை, வாயை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் மூடியைப் பற்றிப் பேசவில்லை.

மீன் குறைந்ததைப் பார்த்த அன்றிலிருந்து தரைக்காரன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். வேலை விட்டு வந்ததும் டேப்பை எடுத்துக் கண்ணாடியில் வைத்து, மீன் பக்கத்தில் வரும்வரை காத்திருப்பான். மீன் வராது. மேஸ்திரி வந்து டேப்பை முறைக்கும்.

"மாப்பிள்ளை மீனுக்குச் சட்டை தைக்கப் போறாரா?" என்றாள் மனைவியின் அக்கா.

"அளவு எடுக்கறதோட சரிக்கா. மீனு கூலி குடுக்கற பார்ட்டி இல்ல," என்றாள் தங்கை. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சகலை மட்டும் சிரிக்கவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார். தரைக்காரன் அதைக் குறித்துக்கொண்டான்.

அடுத்த வாரம் குப்பை வாளியை வெளியே வைக்கப் போனவன், ரொட்டித் தாள்களுக்கு அடியில் ஒரு கவரைப் பார்த்தான். தடிமனான, ஈரம் காயாத பிளாஸ்டிக் கவர். வாயில் இரண்டு ரப்பர் பேண்டு. மீன் கடைக் கவர். அவன் மீன் வாங்கி மாதக்கணக்கில் ஆகிறது. கவரை முகர்ந்து பார்த்தான், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கூடத்துக்கு வந்து எண்ணினான். ஐந்தும் இருந்தன. ஆனால் வால் ஓரம் கிழிந்த மீன் ஒன்று இருக்குமே, அதைக் காணவில்லை. எல்லா வாலும் முழுசாக இருந்தன.

அவனுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தான். காலையில் வீட்டைவிட்டுக் கடைசியாகப் போவது அவனும் பெண்களும். முதலில் திரும்பி வருவது சகலை. விடியுமுன் போகிறவர், மதியத்துக்கெல்லாம் வந்துவிடுவார். சாயங்காலம் வரை வீட்டில் அவரும் மீன்களும்தான். பேக்கரியிலிருந்து வருகிற வழியில்தான் கண்ணாடிக்காரர் கடை. வளர்ந்த மீனுக்கு ஒரு விலை, வளராத மீனுக்கு ஒரு விலை. பெரிசைக் கொடுத்துச் சின்னதை வாங்கி விட்டால், எண்ணிக்கையும் குறையாது, கையிலும் நாலு காசு நிற்கும். ரெண்டு நூல் வித்தியாசத்தை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? தரைக்காரனைத் தவிர?

கண்ணாடிக்காரரிடம் போனான். அவர் தொட்டி ஒட்டிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தி, "அட, இன்னைக்கு நீயே வந்துட்டியா?" என்றார்.

"ஏன், எனக்குப் பதிலா வேற யாரு வர்றா?"

கண்ணாடிக்காரர் பசைத் துப்பாக்கியைக் கீழே வைத்தார். "யாரும் வரல. சும்மா கேட்டேன்."

"சில்வர் டாலர் வளந்ததைக் கொண்டாந்தா எடுத்துக்குவீங்களா?"

"ஆள் வந்தா எடுத்துக்கறதுதான். உனக்கு விக்கணுமா?"

"எனக்கு வேண்டாம். விக்கறவன் வித்துக்கிட்டுத்தான் இருக்கான்," என்று சொல்லிவிட்டு, தீவனம்கூட வாங்காமல் திரும்பினான். கண்ணாடிக்காரர் என்னவோ சொல்ல வந்து மென்று முழுங்கியதை அவன் பார்த்தான். இவனும் கூட்டு என்று முடிவு செய்தான்.

அதற்குப் பிறகு வந்த ஒரு நாள், வேலை செய்த இடத்தில் மணல் வரவில்லை. மதியத்திலேயே கிளம்பினான். வழக்கமாகச் செருப்பைத் தேய்த்துக்கொண்டு படியேறுகிறவன், அன்றைக்குச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டான். முழங்கால் கெஞ்சியது. ஜன்னல் பாதி திறந்திருந்தது. கம்பி வழியாகக் கூடத்தைப் பார்த்தான்.

சகலை தொட்டிக்கு முன்னால் நின்றார். மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார். முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டு, ஒரு கவரை மேலே தூக்கினார். கவர் சொட்டியது. அதற்குள் தண்ணீர். தண்ணீருக்குள் ஒரு சில்வர் டாலர், வெயில் பட்டு மின்னிக்கொண்டு.

போதும். இதற்குமேல் பார்க்க என்ன இருக்கிறது? உள்ளே போய்க் கழுத்தைப் பிடித்திருக்கலாம். ஆனால் தனியாகப் பிடித்தால் நாளைக்கு இல்லை என்று சொல்வார். அக்காவும் தங்கையும் அவர் பக்கம் பேசுவார்கள். எல்லோரையும் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். தரைக்காரன் வந்த வழியே இறங்கி, டீக்கடை பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தான். மூன்று டீ குடித்தான். மூன்றும் கசந்தன.

இரவுச் சாப்பாட்டுக்கு நாலு பேரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். தொட்டியில் ஐந்து மீன்களும் இருந்தன. அவன் எதிர்பார்த்ததுதான். சகலை முதல் கவளத்தை எடுக்கும்வரை பொறுத்திருந்தான்.

"சகலை, ஒரு கேள்வி. மதியம் தொட்டிக்குள்ள கை விட்டீங்களா?"

சகலை கவளத்தைத் தட்டில் வைத்தார். பெண்டாட்டியை ஒருதரம் பார்த்தார்.

"விட்டேன்."

"மீன் கவர்ல இருந்துச்சா?"

"இருந்துச்சு. அது எப்படின்னா சகலை, காலையில நான்..."

"இருந்துச்சா இல்லையா, அதான் கேள்வி. இருந்துச்சு. முடிஞ்சுது." சட்டைப் பையிலிருந்து மடித்து வைத்த கவரை எடுத்து நடுவில் போட்டான். "பெரிசைக் குடுத்துச் சின்னதை வாங்கி வைக்கறீங்க. நடுவுல நிக்கற காசுக்கு என்ன வாங்குனீங்கன்னு நான் கேக்கல. ஒரு தரைக்காரன் கண்ணுலயே மண்ணைத் தூவலாம்னு நினைச்சீங்க பாருங்க, அதைத்தான் கேக்கறேன்."

"என்னங்க பேசறீங்க?" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. ஒரே வீட்டுல இத்தனை நாளா ஒரு திருடனைப் பக்கத்துல உக்கார வச்சுச் சோறு போட்டிருக்கேன்."

"சோத்துல பாதி அவங்க காசு," என்றாள் மனைவி.

சகலை எச்சில் கையை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொட்டிப் பக்கம் கையை நீட்டி, "சாக்கு இருக்கு சகலை, பின்னாலயே..." என்று தொடங்கினார்.

"இருக்கும்! உங்ககிட்ட எப்பவும் ஒரு சாக்கு இருக்கும். ஒரு சாக்கும் எனக்கு வேண்டாம்."

"இல்ல, நான் சொல்றது..."

"கேக்க மாட்டேன்."

மனைவியின் அக்கா எழுந்தாள். பாதி சாப்பிட்ட தட்டில் தண்ணீரை ஊற்றினாள். "நீங்களும் எழுந்திரிங்க," என்றாள் புருஷனிடம். "சாப்பிட்டது போதும். திருடன்னு சொன்ன வாய்க்கு விளக்கம் எதுக்கு?" தங்கை அவள் கையைப் பிடித்தாள். அக்கா கையை உதறவில்லை, மெதுவாக விலக்கிக்கொண்டாள். உதறியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

அந்த வாரக் கடைசியில் அவர்கள் பேக்கரிக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைக்குப் போய்விட்டார்கள். சாமான் ஒரு தள்ளுவண்டிக்குள் அடங்கிவிட்டது. சகலை சாவியைத் தரைக்காரன் கையில் கொடுத்து, "வர்றேன் சகலை," என்றார். தரைக்காரன் தலையை மட்டும் ஆட்டினான். மனைவி அன்றிலிருந்து அவனிடம் பேசியதெல்லாம் "சோறு இருக்கு", "பால் தீந்துபோச்சு" மாதிரி இரண்டு வார்த்தைகள்தான். துணிக் கம்பெனியில் அக்கா வேறு மேஜைக்கு மாற்றிக்கொண்டாளாம். பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் அவனுக்கே தெரிந்தது.

வீடு சுத்தமாகிவிட்டது, இனி மீன் குறையாது என்று அவன் நினைத்தான். ஒரு சாயங்காலம் எண்ணினான். நாலு.

மறுபடி எண்ணினான். சக்கர் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. மேஸ்திரி வந்து முறைத்தது. வெள்ளித் தட்டு நாலுதான்.

"உங்க மாமா சாவியைக் குடுக்கறதுக்கு முன்னால இன்னொரு சாவி வெட்டி வச்சுக்கிட்டாரா?" என்று மனைவியிடம் கேட்டான்.

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "கூரையைப் பிரிச்சு இறங்கியிருப்பாரு. மேல போய் ஓட்டை இருக்கான்னு டேப்பு வச்சு அளந்து பாருங்க." பல நாள் கழித்து அவள் அவனிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

மேஸ்திரியை ஒருவேளை சந்தேகிக்கலாமா என்று நினைத்தான். அதன் வயிறு எப்போதும் போலத்தான் இருந்தது. உள்ளங்கை அகல மீனை விழுங்கினால் தெரியாமலா போகும்?

இரண்டு நாள் கழித்துத் தூரத்தில் ஒரு வேலை. முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். விடியுமுன் எழுந்து, தடவிக்கொண்டே கூடத்துக்கு வந்து ட்யூப்லைட்டைப் போட்டான். இத்தனை நாள் அந்த நேரத்தில் அந்த விளக்கைப் போட்டது சகலைதான். அவன் போட்டது அதுதான் முதல் தடவை.

விளக்கு இரண்டு தடவை துடித்துப் பளிச்சென்று எரிந்ததும், தொட்டிக்குள் யாரோ கல்லெறிந்த மாதிரி தண்ணீர் குமுறியது. நாலு மீன்களும் நாலு திசையில் பாய்ந்தன. மேஸ்திரி வாலால் கண்ணாடியை அறைந்தது. மேற்பக்கம் என்னவோ பளீரென்று மின்னிப் பின்பக்கம் போய்விட்டது. கீழே 'தொப்' என்று ஒரு சின்னச் சத்தம். தரையில் விழுகிற சத்தம் அல்ல. தரை எப்படிச் சத்தம் போடும் என்று அவனுக்குத் தெரியாதா?

முழங்காலை மடக்கி ஸ்டாண்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். சுவருக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி, அவனே விட்டது. அதில் ஒரு மைதாச் சாக்கு விரித்திருந்தது. நாலாய் மடித்து, மெத்தை போல. அதன்மேல் சில்வர் டாலர் துள்ளிக்கொண்டிருந்தது. சாக்கின் பழைய ஈரத்தில் செதில்கள் ஒட்டிக் காய்ந்திருந்தன. ஓரத்தில், அவன் தேடிய ஐந்தாவது மீன், எறும்பு அரித்துக் காகிதம் மாதிரி கிடந்தது.

"சாக்கு இருக்கு சகலை, பின்னாலயே" என்று சகலை சொன்னது அப்போதுதான் அவன் காதில் விழுந்தது.

மீனைக் கையில் அள்ளித் தொட்டியில் போடப் போனான். மூடியை எடுக்க வேண்டியிருக்கவில்லை. பின்பக்கம் மூடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. தட்டை மீன் பட்டையாகத் திரும்பினால் தாராளமாகப் போகும், வரும். விழுங்க முடியாத அகலத்தைப் பார்த்து வாங்கியவன், அதன் தடிமனைப் பார்க்கவில்லை. மூச்சு விட என்று அவன் விட்ட இடத்தில்தான் மீன்கள் மூச்சை விட்டிருந்தன.

அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. கண்ணாடிக்காரர் கடையைத் திறக்கும் முன்னால் போய் ஷட்டர் பக்கத்தில் நின்றான்.

"இப்பவாவது கேக்க வந்தியே," என்றார் கண்ணாடிக்காரர். "உன்கிட்டச் சொல்ல வேண்டாம்னு உன் சகலைதான் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டாரு, அதனாலதான் அன்னைக்கு வாயைத் திறக்கல. அவரு லைட்டைப் போட்டாப் பயந்துக்கிட்டு எகிறுதாம். லைட்டு இல்லாட்டியும் அந்தப் பெரிசு துரத்தினா எகிறத்தான் செய்யும். தன்னாலதான் சாகுதுன்னு அவருக்கு நெஞ்சு அடிச்சுக்கிச்சு. எத்தனையோ தடவை எடுத்துத் திருப்பிப் போட்டிருக்காரு. மூணுதான் கையை மீறிப் போச்சு."

"அந்த மூணும்?"

"செத்ததை ரொட்டித் தாள்ல சுத்தி எடுத்துக்கிட்டு வருவாரு. ஒவ்வொரு தொட்டியா பக்கத்துல வச்சு வச்சுப் பாத்து, அதே அளவு தேடுவாரு. எங்கிட்ட இருக்கறதே கொஞ்சம், அதுல அதே அளவு எங்க கிடைக்கும்? 'ரெண்டு நூல் குறையுதே, அந்த மனுஷன் கண்டுபிடிச்சிடுவாரே'ன்னு புலம்பிக்கிட்டே வாங்கிட்டுப் போவாரு. காசு மூணு தடவையும் கையில வச்சுட்டாரு. கவரைக் கொஞ்ச நேரம் உன் தொட்டித் தண்ணியில மிதக்க விட்டுட்டு அப்புறம் திறந்து விடுங்கன்னு நான்தான் சொன்னேன்."

தரைக்காரனுக்கு அது தெரியும். புது மீனைக் கவரோடு தண்ணீரில் மிதக்கவிட வேண்டும் என்று ஆரம்பத்திலேயே இதே வாய் அவனுக்குச் சொல்லியிருந்தது. ஐந்து மீன்களையும் அவன் அப்படித்தான் விட்டான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற மதியம் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

"மூடி சின்னதுன்னு அவரு சொல்லலையா?"

"ஒரு தடவை கேட்டேன். 'அவரு வேலையில நான் குத்தம் சொல்ல முடியாதுண்ணே. இருக்கறது அவரு வீட்டுல' அப்படின்னாரு."

பேக்கரிக்குப் போனபோது அடுத்த ஈடு ரொட்டி வெளியே வந்துகொண்டிருந்தது. சகலை அடுப்புப் பக்கத்தில் நின்றார், நெற்றியில் மாவு. தரைக்காரனைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு கல்லாப் பக்கம் வந்தார்.

"வாங்க சகலை. வேலை இல்லையா இன்னைக்கு? டீ சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

"மேஸ்திரி எப்படி இருக்காரு?"

"இருக்காரு." தரைக்காரன் வழியெல்லாம் வாய்க்குள் உருட்டிக்கொண்டு வந்த வார்த்தை கல்லா மேஜை வரைக்கும் வந்து நின்றுவிட்டது. "மூடியை மாத்தணும்," என்றான். "இடைவெளி கூடிப்போச்சு."

"மாத்துங்க. நல்லது," என்றார் சகலை. கொஞ்ச நேரம் மேஜையில் சிந்திய தூளை விரலால் ஒதுக்கினார். "நானும் லைட்டைப் பட்டுனு போட்டிருக்கக் கூடாது."

அது உங்கள் தப்பு இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். தரைக்காரன் சட்டைப் பையில் கையை விட்டுப் பணத்தை எடுத்தான். "மூணு மீன் காசு."

சகலை அதைப் பார்க்கவே இல்லை. "அவ உள்ளதான் இருக்கா. கம்பெனி இன்னைக்கு லீவு," என்றார் தாழ்ந்த குரலில். "காசு கெடக்கட்டும் சகலை. அவ காதுல விழற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. எனக்காக இல்ல. அக்கா தங்கச்சி பேசிக்காம இருக்காங்க."

பின்கதவில் தொங்கிய திரை லேசாக அசைந்தது. திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன, அசையவில்லை. அதற்குள் ரொட்டி வாங்க ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒருத்தர் பன் கேட்டார், ஒருத்தர் சில்லறை கேட்டார். தரைக்காரன் ஒதுங்கி நின்றான். கூட்டம் போகட்டும் என்று நின்றான். கூட்டம் போனது. திரைக்குக் கீழே பாதங்கள் அப்படியே இருந்தன. எத்தனையோ வீட்டில் யார் யாரையோ வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறவன் அவன். இப்போது எடுத்த பணத்தை மறுபடி சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றான். போகாத வேலைக்கு.

"சரி சகலை," என்றார் சகலை.

தரைக்காரன் புது மூடி செய்துவிட்டான், நூல்கூட இடைவெளி இல்லாமல். மீன்கள் நாலும் அப்படியே இருக்கின்றன. மனைவி இன்னமும் இரண்டு வார்த்தையில்தான் பேசுகிறாள். மூன்று மீன்களின் விலையும், நாலு பேர் முன்னால் திருடன் என்று சொன்னதற்கு அதே நாலு பேர் முன்னால் கேட்க வேண்டிய மன்னிப்பும் அவன் சகலைக்குத் தர வேண்டிய கடன். இரண்டையும் அவன் இன்னும் கொடுக்கவில்லை.